பங்குனி வெயிலில் ஆமைக்கு எதற்குச் சூட்டு பல்ப்?

கேள்வி: “பரந்தனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொழும்பில் இருந்த என் தம்பி கனடா போகும்போது, தான் வளர்த்த சல்காட்டா என்கிற ஆபிரிக்கத் தரை ஆமையை அதற்குரிய பத்திரங்களோடு எங்களிடம் தந்துவிட்டுப் போனான். ஓடு ஓரடி நீளம், நிறை நாலு கிலோவுக்குக் கிட்ட. குசினிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சீமெந்துத் தொட்டியில், ஆறடிக்கு நாலடி இடத்தில், விட்டிருக்கிறோம். தை, மாசியில் நன்றாகத் தின்றது. இப்போது மத்தியானத்தில் சுவரைப் பிறாண்டி ஏறப் பார்க்கிறது. இரண்டு நாள் வாயில் நுரையும் கண்டோம். சாப்பாடும் குறைந்துவிட்டது. தம்பியிடம் சொன்னால், சூடு காணாது, ஆமைக்கு 38 பாகை வேண்டும் என்கிறான். ஊருக்கு வந்த ஆட்களிடம் சூட்டு பல்ப் ஒன்றும் கொடுத்தனுப்பியிருக்கிறான். அதைப் பகலில் போடுவதா, இரவில் போடுவதா?”

அக்கா, இப்போதைக்கு இரண்டிலும் வேண்டாம். பல்பை அலுமாரிக்குள் வையுங்கள், அதற்கும் ஒரு காலம் வரும். முதல் வேலை, இன்றைக்கே ஆமையைத் தொட்டியிலிருந்து தூக்கி மரத்தடிக்குக் கொண்டுபோவது. நீங்கள் எழுதியதெல்லாம் குளிரில் நிற்கிற ஆமையின் அறிகுறிகள் அல்ல. அது வெந்துகொண்டிருக்கிறது.

நுரையை வைத்தே சொல்கிறேன். ஆமைக்கு வியர்க்காது. உடம்புச் சூடு 40 பாகையை நெருங்கும்போது அதன் கையில் இருக்கும் கடைசி வழி, எச்சிலை நுரையாகத் தள்ளித் தொண்டையையும் முன்னங்கால்களையும் நனைத்துக்கொள்வதுதான். சில ஆமைகள் சிறுநீரைப் பின்னங்காலில் விட்டும் குளிர்ந்துகொள்ளும். இவை உயிர் தப்பச் செய்யும் வேலைகள், அடிக்கடி செய்ய முடியாதவை. எச்சிலும் சிறுநீரும் போவது உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரிலிருந்துதான். அதற்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால் கால் சோரும், தலை தொங்கும். அந்தக் கட்டத்திலிருந்து நிறைய ஆமைகள் திரும்புவதில்லை.

இனி நுரை கண்டால் ஒரு தாச்சியில் தண்ணீர் விட்டு ஆமையை அதில் வையுங்கள். தண்ணீர் கழுத்துக்குக் கீழே நிற்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். தலையிலும் முன்னங்காலிலும் மெதுவாக ஊற்றலாம். கிணற்றில் அள்ளிய தண்ணீரே போதும். ஐஸ் போடாதீர்கள். கூரைக்கு மேல் நிற்கும் கறுப்புத் தாங்கியின் குழாயை மத்தியானத்தில் திறந்து பிடிக்கவும் வேண்டாம், அது தேத்தண்ணீர் போடும் சூட்டில் வரும். அரை மணித்தியாலத்தில் தலை நிமிர்ந்து நடக்கத் தொடங்கினால் சரி. சோர்ந்தே கிடந்தால் ஈரச் சாக்கால் மூடிய பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நுரையோடு மூக்கிலும் குமிழி வந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, அதுவும் காலைக் குளிரில் நடந்தால் அது நுரையீரல் வருத்தம். உங்களுடையது மத்தியானத்தில் மட்டும் வருவதால் அதுவாக இருக்காது.

தம்பி சொன்ன 38 பொய்யல்ல. ஆமை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அல்ல, வெளியே இருந்துதான் வாங்கும். ரொறன்ரோவில் வெளியே பனி கொட்ட, வீட்டுக்குள் 20 பாகை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் ஆமைக்கூட்டின் ஒரு மூலையில் பல்பைத் தொங்கவிட்டு, அந்த இடத்தை மட்டும் 35, 38 வரை ஏற்றுவார்கள். மற்ற மூலை 27, 28இல் நிற்கும். ஆமை பல்படிக்குப் போய்ச் சூடு வாங்கும், போதுமென்றால் மற்றப் பக்கம் நடந்துவிடும். இந்தப் போய்வருதலில்தான் எல்லாம் இருக்கிறது. தொலைபேசியில் உங்களுக்கு வந்து சேர்ந்தது 38 மட்டும். 28ஐ யாரும் சொல்லவில்லை, அங்கே குளிர்ந்த மூலையைத் தேடி அலையத் தேவையில்லை என்பதால். நமக்கு அதுதான் கிடைக்காத பொருள்.

சல்காட்டாவின் ஊர் ஆபிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளி. வன்னியைவிடச் சுடும் இடம். வெயிலூரிலிருந்து வந்த பிராணிதானே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே பகல் கொதிக்கும் நேரத்தில் அது வெளியில் நிற்பதே இல்லை. மண்ணைத் தோண்டிப் பல அடி நீளத்துக்கு வளை எடுத்து உள்ளே கிடக்கும். காலையிலும் மாலையிலும் மேயும், மழைக்காலத்தில் கூடுதலாக நடமாடும். அது வெயிலைத் தாங்கும் மிருகம் அல்ல, வெயிலிலிருந்து ஒளியத் தெரிந்த மிருகம். உங்கள் தொட்டியின் தரை சீமெந்து. ஒளிய வழியில்லை, அதனால்தான் சுவரைப் பிறாண்டுகிறது.

அந்தத் தொட்டியையும் ஒருக்கால் பார்ப்போம். தகரம் வெயிலைத் தடுக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். நேர் வெயிலைத் தடுப்பது உண்மைதான். ஆனால் தகரமே கொதித்து, அந்த வெக்கையைக் கீழ்நோக்கி எறிகிறது. சீமெந்துத் தரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, இரவு ஒன்பது மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கும். நாலு பக்கச் சுவரும் காற்றை மறிக்கும். ஓடு தரையை உரசியபடி கிடக்கும் பிராணிக்கு மேலிருந்தும் கீழிருந்தும் சூடு. குசினிச் சுவரும் பக்கத்தில் இருந்தால் அடுப்பின் பங்கும் சேரும். சித்திரை பிறப்பதை ஒட்டி, அதாவது ஏப்ரல் நடுப்பகுதியில், சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும். இப்போதே இப்படியென்றால் அப்போது எப்படி என்று யோசியுங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் அளந்து பாருங்கள். அளக்காமல் ஆமை வளர்ப்பது ருசி பார்க்காமல் கறிக்கு உப்புப் போடுவது போல. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி, அதைப் போல நிலத்தின் சூட்டை அளக்கும் ஒன்று வாங்கலாம். மனிதருக்கென்று செய்தது சரிவராது, அது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடும். இல்லையென்றால் சாதாரண அறை வெப்பமானியே போதும், ஆனால் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டாதீர்கள். ஆமை வாழ்வது நிலத்திலிருந்து அரையடிக்குள். அந்த உயரத்தில், நிழலில் வையுங்கள். காலை ஏழு மணி, மத்தியானம் ஒன்று, பின்னேரம் நாலு, இரவு ஒன்பது என்று நாலு தரம் பார்த்தால் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

மாற்று இடத்துக்கு வருவோம். உங்களுக்கு வளவு இருக்கிறது, அது கனடாவில் பணம் கொடுத்தாலும் கிடைக்காத வசதி. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி இடம் இப்போதைக்குப் போதும், பெரிதானால் நல்லது. இந்த ஆமை இரண்டடியைத் தாண்டி, நாற்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது, அதை நினைவில் வைத்து இடம் தேடுங்கள். மரம் அந்த இடத்தின் மேற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பின்னேர வெயிலை அது மறிக்கும், காலை வெயில் கிழக்கிலிருந்து தடையில்லாமல் விழும். பாலை மரம் இருந்தால் கொடுத்து வைத்தவர்கள், வருடம் முழுக்க அடர்ந்த நிழல். வேம்பு மாசியில் இலை கொட்டினாலும் பங்குனியில் தளிர்த்துவிடும், பழுதில்லை. மரமே இல்லாத பக்கத்தில் நாலு தடி நட்டு மேலே கிடுகு வேயுங்கள். கிடுகும் பனையோலையும் தகரம் போலச் சூடேறிக் கீழே எறிவதில்லை, இடுக்கால் காற்றும் போகும். தகரத்தை அகற்ற முடியாத இடத்தில் அதன் மேலே கிடுகைப் பரப்பலாம், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். இரண்டிலும் கிடுகுக்குத்தான் என் வாக்கு.

நிழல் நகரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இதை நான் படித்த விதம் கொடுமையானது. வேலைக்கு வந்த புதிதில், காயப்பட்ட ஓர் ஆமையைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து, காலை வெயில் கொஞ்சம் படட்டும் என்று மர நிழலின் ஓரத்தில் வைத்தேன். யாரோ பசுமாட்டுக்கு வருத்தம் என்று வந்து நின்றார்கள், பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வரும்போது நிழல் பேசினை விட்டுப் போயிருந்தது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த ஆமை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நான் நிழலை ஒரு நாளில் மூன்று நேரமும் நின்று பார்க்காமல் எந்தக் கூட்டுக்கும் இடம் குறிப்பதில்லை. கவிழ்ந்து கிடக்கிற ஆமைக்கும் இதே கதிதான். நிழலில் கவிழ்ந்தால் பிழைக்கும், வெயிலில் கவிழ்ந்தால் நேரம் மிகக் குறைவு. ஏறிக் கவிழும்படி கல்லையும் கட்டையையும் உள்ளே போடாதீர்கள்.

அடுத்தது வளை. இதுதான் உங்கள் உண்மையான ஏசி. இரண்டு மூன்றடி ஆழத்தில் மண்ணுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். வெளியே 36 அடித்தாலும் உள்ளே முப்பதுக்குக் கிட்டவே நிற்கும். ஆனால் ஆமை தன்பாட்டில் தோண்டட்டும் என்று விடச் சொல்ல மாட்டேன். நீங்கள் இருக்கும் பக்கத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எங்கே நிற்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த நாட்கள் நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில் வளைக்குள் ஆமை இருந்தால் அது வளையல்ல, குழி.

ஆகவே வளையை நிலத்துக்கு மேலே கட்டுங்கள். முதலில் ஓரடி உயரத்துக்குக் கிறவல் போட்டு இறுக்குங்கள். அதன் மேல் மதகுக்குப் போடும் கொங்கிறீட் குழாய்த் துண்டு ஒன்று, இரண்டடி விட்டம், நாலைந்து அடி நீளம். உள்ளே ஆமை திரும்ப இடம் வேண்டும், இல்லாவிட்டால் முன்னும் போகாது பின்னும் வராது. ஓட்டின் நீளம் ஒன்றரை அடியைத் தாண்டினால் பெரிய குழாய் பார்க்க வேண்டும். பின்வாயைக் கல்லால் அடையுங்கள். குழாயின் அடியில் அரையடி மண் நிரப்பித் தரையைச் சமப்படுத்துங்கள். மேலே ஓரடி, ஒன்றரை அடிக்கு மண்ணை மூடி அறுகம்புல் நட்டுவிடுங்கள். புல் மண்ணையும் பிடிக்கும், சூட்டையும் தடுக்கும், ஆமைக்குச் சாப்பாடும் ஆகும். வாய் தென்கிழக்கைப் பார்க்கட்டும். மார்கழி வாடையும் அதோடு வரும் சாரலும் வடகிழக்கிலிருந்து, பின்னேர வெயில் மேற்கிலிருந்து. இரண்டுக்கும் முதுகு காட்ட அதுதான் திசை.

ஒரு எச்சரிக்கை. வன்னியில் குளிர்ந்த பொந்து கட்டினால் அதற்கு ஆமை மட்டும் குடிவராது. புடையன் பாம்புக்கும் அந்தக் குளிர் பிடிக்கும். உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்காமல் கை விடாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வேலி பற்றிச் சுருக்கமாக: இரண்டடி உயரம், ஒன்றரை அடி மண்ணுக்குள், ஊடே பார்க்க முடியாத கல் அல்லது பனங்குற்றி. கம்பி வலை போட்டால் வெளியே தெரிவதைப் பார்த்து நாள் முழுக்க இடித்துக்கொண்டிருக்கும். நாய் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வைக்கும் தாச்சி நிழலிலேயே இருக்க வேண்டும், ஆமை இறங்கி ஏறக்கூடிய ஆழத்தில். தினமும் மாற்றுங்கள். அது அதற்குள்ளேயே மலம் கழிக்கும் என்பது ஒரு காரணம், நுளம்பு இன்னொரு காரணம். டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆமையின் தண்ணீர் என்று சாக்குச் சொல்ல முடியாது. தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஆமைகளிடம் சல்மொனெல்லாக் கிருமி இருப்பது சாதாரணம்.

சிலர் மின்விசிறி போடுகிறார்கள். நமக்குக் காற்றுப் பட்டால் குளிர்வது வியர்வை காய்வதால். வியர்க்காத ஆமைக்கு வெறும் விசிறி சூடான காற்றைத்தான் தள்ளும். அதைவிட, காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி தண்ணீரை நிழலுள்ள மண்ணில் தெளியுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் ஈரம் நன்றாக இழுத்து நிலம் குளிரும். புரட்டாதி, ஐப்பசியில் மழைக்கு முன் வரும் புழுக்கத்தில் இது அவ்வளவு உதவாது, அப்போது வளைதான் துணை.

ஈரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி மேடு தட்டி வளர்ந்த ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். புரதம் கூடிப்போனதால்தான் என்று நீண்ட காலம் சொன்னார்கள். சல்காட்டாக் குஞ்சுகளை வைத்து ஆஸ்திரியாவில் செய்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உணவைவிட வறண்ட காற்றே மேட்டுக்குப் பெரிய காரணம் என்று கண்டார்கள். பல்பை ஓட்டுக்கு நேர் மேலே, கிட்டப் பிடித்துக் காயவைப்பது இந்த வறட்சியைத்தான் கூட்டும். வளைக்குள் மண் கொஞ்சம் ஈரலிப்பாக இருக்கட்டும். சேறாக வேண்டாம்.

இப்போது தம்பியின் பல்புக்கு வருகிறேன். கார்த்திகை முதல் தை வரைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. நம் ஊரில் குளிர் இல்லை என்று சொல்பவர்களுக்கு 2022 டிசம்பரை நினைவுபடுத்துவேன். மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒரே நாட்களில் விழுந்து செத்தன. தன் சூட்டைத் தானே உண்டாக்கும் மாட்டுக்கே அந்தக் கதி. கொன்றது குளிர் மட்டும் அல்ல, மழையில் நனைந்த உடம்பில் விடாமல் பட்ட காற்று. ஆமைக்கும் அதுதான் விதி: காய்ந்த 20 பாகையைத் தாங்கும், நனைந்த 20 பாகை நுரையீரலில் இறங்கும். குளிர்ந்த ஆமைக்குச் சமிபாடும் நின்றுவிடும், தின்ற புல் வயிற்றிலேயே புளித்துக் கிடக்கும். இது குளிர்காலத்தில் உறங்கும் இனமும் அல்ல. சோர்ந்து கிடந்தால் தூங்குகிறது என்று விட்டுவிடக் கூடாது.

அந்த மாதங்களுக்கு ஓர் இரவுப் பெட்டி செய்யுங்கள். நாலடிக்கு மூன்றடி போதும். இரட்டைப் பலகைச் சுவர், இடையில் உமி. ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் உமி சூட்டைப் பிடித்து வைப்பதில் கடைச் சாமானுக்குக் குறைந்ததல்ல. உமி வெளியே சிந்தாதபடி நன்றாக அடைத்துவிடுங்கள், பல்புக்குப் பக்கத்தில் வைக்கோலும் சாக்கும் வேண்டவே வேண்டாம். பெட்டியில் எரிந்த குஞ்சுகளைக் கோழி வளர்ப்பவர்கள் சொல்வார்கள். பல்பைப் பெட்டியின் ஒரு முனையில், ஓட்டிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாத உயரத்தில், சங்கிலியால் கட்டுங்கள், வயரில் தொங்கவிடாதீர்கள். முட்டை பொரிக்கும் பெட்டிக்குப் போடும், சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் மலிவாகக் கிடைக்கும், அதை 26இல் வையுங்கள். தம்பி அனுப்பியது வெளிச்சம் தருகிற வகை என்றால் மழை மூடிய பகலில் மட்டும் போடுங்கள். இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் வகைதான் நல்லது, ஆமைக்கும் இருட்டு வேண்டும். சூடேறும் கல் என்று விற்பார்கள், வாங்க வேண்டாம். அடியிலிருந்து வரும் சூட்டை ஆமை சரியாக உணராது, வயிற்றோடு வெந்த பின்தான் நமக்கே தெரியும்.

கரன்ட் போனால்? 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த மாதிரி நாளுக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் சுடுதண்ணீர் நிரப்பி, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். உமிச் சுவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒளியைப் பற்றித் தம்பி கேட்பார். எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புறஊதா ஒளிக்கு அங்கே தனியாக விளக்கு வாங்குகிறார்கள். உங்களுக்குக் காலை வெயில் இலவசம். யன்னல் கண்ணாடி ஊடாக வரும் வெயிலில் மட்டும் அது இருக்காது.

இதை வாசிக்கும் வேறு வீடுகளில், காட்டோரத்திலோ வயல் வரம்பிலோ பிடித்த நட்சத்திர ஆமை இருக்கக்கூடும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். சல்காட்டா வெறும் மண்ணிறம், தொடையில் முள் போன்ற மேடுகள். நட்சத்திர ஆமை இந்த மண்ணின் பிராணி, 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. 2019 முதல் சர்வதேச வணிகமும் முற்றாகத் தடை. அதற்கு எப்படிக் கூடு கட்டுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், பக்கத்து வனஜீவராசிகள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மறுபுறம், அக்கா, உங்கள் சல்காட்டாவை வளர்க்க முடியாமல் போனாலும் காட்டில் விடாதீர்கள், அது நம் காட்டு ஆமை அல்ல. தம்பி தந்த பத்திரங்களையும் பத்திரமாக வையுங்கள்.

கிறவல் வந்து குழாய் இறங்கும் வரைக்கும் கிடுகுப் பந்தலின் கீழே, ஈர மண்ணில் ஆமையை வைத்திருங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும் வெயிலில் மேயட்டும், சாப்பாட்டையும் அந்த நேரத்திலேயே போடுங்கள்: அறுகு, கினிப்புல், முருங்கை இலை கொஞ்சம். சோறும் பாணும் வேண்டாம். நாலு நேரமும் அளந்த எண்களை, தொட்டியில் ஒரு நாள், பந்தலடியில் ஒரு நாள் என்று எழுதி அனுப்புங்கள். தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்பினால் நல்லது.